வன்தட்டில் ஒரு பாகப்பிரிவினை

குடும்பத்தில் பாகப்பிரிவினை என்றால் பெரும்பாலும் மனக்கசப்பு என்றே பொருள். கணினியிலோ, முறையாகச் செய்யப்பெறும் பிரிவினை பின்னாளில் நேரக்கூடிய பேரிழப்பைத் தடுக்கிறது.

1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸை இல்லத்துக் கணினியில் நிறுவ முற்படுவோர் முதலில் எதிர்நோக்கும் வினா, வன்தட்டை எவ்வாறு பகுப்பது என்பதே. பகுக்காமல் ஒன்றாகவே விடும் எளிய வழியும் உண்டு. அதிலுள்ள கேடு யாதெனில், இயங்குதளம் பழுதுற்று, தட்டை அழித்து மீண்டும் நிறுவ நேர்ந்தால், ஆசிரியர் ஒருவர் பல்லாண்டுகளாகத் தட்டெழுதிச் சேர்த்த பாடக் குறிப்புகளும் உடன் அழிந்துபோகும்.

ஆதலின், இயங்குதளத்திற்கு 'ரூட்' என்னும் வேர்ப் பகுதியையும், நம் கோப்புகளுக்கு 'ஹோம்' என்னும் இல்லப் பகுதியையும் தனித்தனியே வகுத்தல் நன்று. வேரை மட்டும் அழித்துப் புதுப்பிக்கலாம். இல்லம் அப்படியே இருக்கும். மறுமுறை நிறுவும்போது இல்லப் பகுதியையும் 'பார்மட்' செய்யுமாறு தவறிக் குறித்துவிட்டால் மட்டும் இத்தனை ஏற்பாடும் வீணே.

500 கிகாபைட் தட்டு என்று கொள்வோம். கணினியைத் தொடக்கிவைக்கும் நிரல் தங்கும் இ.எப்.ஐ. பகுதிக்கு 512 மெகாபைட் போதும். வேருக்கு 50 கிகாபைட் தருக. இங்கே சிக்கனம் பிடித்து 15 கிகாபைட்டோடு நிறுத்துவோர் பலர். சில காலத்தில் பழைய கெர்னல்களும் புதுப்பிப்புக் கோப்புகளும் சேர்ந்து வேர் நிரம்பிவிடும். இல்லத்தில் 400 கிகாபைட் வெறுமனே கிடந்தும், இடமில்லை என்று கணினி மறுக்கும். பின்னர் வேரைப் பெருக்க வேண்டுமாயின், அடுத்துள்ள இல்லத்தைச் சுருக்கி நகர்த்தல் வேண்டும். அதற்குப் பல மணி நேரம் ஆகலாம். இடையில் மின்சாரம் நின்றால் கோப்புகளுக்கே ஆபத்து. 'எக்ஸ்ட்4' முறையில் அமைந்த பகுதியையாவது பயன்பாட்டிலிருந்து விலக்கிச் சுருக்கலாம்.

நினைவகத்திற்குத் துணைநிற்கும் 'சுவாப்' இரு மடங்கு வேண்டும் என்னும் விதி, நினைவகம் மிகச் சிறிதாயிருந்த காலத்தது. 8 கிகாபைட் நினைவகமுள்ள கணினிக்கு 2 முதல் 4 கிகாபைட் சுவாப் போதுமானது. நினைவகத்தில் உள்ளதைத் தட்டில் எழுதிவிட்டு முற்றும் உறங்கச் செய்ய விரும்புவோர் மட்டும் 8 கிகாபைட்டுக்குக் குறையாமல் ஒதுக்குக. எஞ்சியதெல்லாம் இல்லத்திற்கே.

பழைய எம்.பி.ஆர். அட்டவணையில் முதன்மைப் பகுதிகள் நான்குக்கு மேல் இயலா. இன்றைய ஜி.பி.டி. அட்டவணையிலோ வழக்கமாக 128 வரை இடமுண்டு. அத்தனை யாருக்கு வேண்டும்!

இன்னொன்று: வேரும் இல்லமும் இருப்பது ஒரே தட்டில். தட்டே பழுதானால் இரண்டும் ஒருங்கே போகும். குறிப்புகளின் படியொன்றை வெளித்தட்டில் எடுத்து வைத்த பின்னரே பிரிவினையைத் தொடங்குக.