தொட்டால் உரியும் தோல்

பிறந்த குழந்தையைத் துடைத்து எடுக்கும்போதே முழங்காலில் தோல் வழன்று வருகிறது. கையில் ஒட்டிய பிளாஸ்திரியைப் பிரித்தால் தோலும் சேர்ந்து வருகிறது. வீட்டில் 'அம்மை' என்று வேப்பிலை வைக்கிறார்கள். கிரகணத்தன்று வெளியே போனாயா என்று தாயைக் கேட்கிறார்கள். அவள்மேல் எந்தத் தப்பும் இல்லை. இது அம்மையும் இல்லை, யாருக்கும் ஒட்டாது. எபிடெர்மோலைசிஸ் புல்லோசா என்ற மரபணுக் கோளாறு இது, சுருக்கமாக ஈ.பி.

சுவரில் பிடிமானம் விட்டால் காரை பெயர்கிறதல்லவா, அப்படித்தான். மேல்தோலையும் உள்தோலையும் இறுக்கிப் பிடிக்கும் புரதங்களில் ஒன்று பழுதாகிறது. மேல்தோலின் அடியிலுள்ள கெரட்டின் 5 அல்லது 14 பழுதானால் பெரும்பாலும் வடு இல்லாமல் ஆறும். ஏழாம் வகைக் கொலாஜன் அறவே இல்லாவிட்டால் புண் ஆறி ஆறியே விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், உணவுக்குழாய் சுருங்கும், இளவயதிலேயே தோல் புற்றுநோய் வரலாம். எந்த வகை என்பதைச் சின்னத் தோல் துணுக்கும் இரத்தத்தில் மரபணுப் பரிசோதனையும் சொல்லிவிடும். புதுச்சேரி, விழுப்புரம், கடலூர்ப் பக்கத்தில் இப்படிக் குழந்தை பிறந்தால், உழவர்கரையில் கோரிமேட்டு ஜிப்மரின் தோல் பிரிவுக்குத் தாமதிக்காமல் கொண்டுபோக வேண்டும்.

சில வகைகள் பெற்றோரில் ஒருவரிடமிருந்தே வரும். கடுமையானவை பெரும்பாலும் இருவரிடமும் ஒளிந்திருந்து வருபவை. தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டும் குடும்பங்களில் அந்த வாய்ப்பு கூடுதல். பழுது இருவரிடமும் ஒளிந்திருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றுக்கு வராது என்று கணக்குப் போடக் கூடாது. பழுது எந்த மரபணுவில் என்று தெரிந்திருந்தால், அடுத்த கர்ப்பத்தின் 11-ஆவது வாரத்திலிருந்தே பரிசோதிக்க முடியும்.

2015-இல் ஜெர்மனியில் ஈ.பி. உள்ள ஏழு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு, மரபணுவைத் திருத்தி வளர்த்த தோலை உடம்பின் 80 விழுக்காட்டில் பொருத்தினார்கள். 2023-இல் புண்மேல் தடவும் மரபணு மருந்துக்கு அமெரிக்கா அனுமதி தந்தது. அதன் விலை நம் குடும்பங்களுக்கு எட்டாதது.

எட்டுவது பராமரிப்பு. அக்குளில் கை கொடுத்துத் தூக்காமல், மெத்தென்ற துணியோடு சேர்த்து ஏந்த வேண்டும். சட்டையின் தையல் உறுத்தாதபடி உள்புறத்தை வெளியே திருப்பிப் போடலாம். கொப்புளத்தைத் தானே உடையட்டும் என்று விட்டால் அது பக்கவாட்டில் பரவும். சுத்தமான புது ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்து, மேல்தோலை அப்படியே விட்டுவிட வேண்டும். அதன்மேல் வாசலின் தோய்த்த வலைத்துணி, பிறகு சுற்றுத்துணி; ஒட்டும் டேப் வேண்டாம். குளிக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு கலந்தால் எரிச்சல் குறையும், பிள்ளை அழாமல் குளிக்கும்.