மில்லும் அவரை மறுத்தவர்களும்

ஜான் ஸ்டூவர்ட் மில்லின் ‘சுதந்திரம் பற்றி’ என்ற சிறு நூல் 1859-இல் லண்டனில் வெளிவந்தது. தனிமனிதவாதத்தை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் இன்றும் முதலில் எடுத்துப் பிரிப்பது இந்த நூலைத்தான். அதன் மையக் கருத்து எளிமையானது. ஒருவரது விருப்பத்துக்கு மாறாக அரசோ சமூகமோ அவரைக் கட்டுப்படுத்த வேண்டுமானால், பிறருக்குத் தீங்கு நேராமல் தடுப்பது ஒன்றே அதற்குக் காரணமாக இருக்க முடியும். ‘உன் நல்லதுக்குத்தான்’ என்று புத்தி சொல்லலாம், கெஞ்சலாம், வாதாடலாம், தண்டிக்கக் கூடாது.

சட்டத்தைவிட ஊர்வாய்க்கே மில் அதிகம் அஞ்சினார். அதற்கு அவரது வாழ்க்கையிலும் காரணம் உண்டு. ஹாரியட் டெய்லர் வேறொருவரின் மனைவியாக இருந்தபோது இருவருக்கும் நட்பு ஏற்பட்டது. கணவர் இறந்தபின் 1851-இல் மணம் செய்துகொள்ளும்வரை சுமார் இருபது ஆண்டுகள் அவர்கள் வம்புப் பேச்சுக்கு நடுவில்தான் வாழ்ந்தார்கள்.

எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று மில் எங்கும் சொல்லவில்லை. தானிய வியாபாரிகள் ஏழைகளைப் பட்டினி போடுகிறார்கள் என்று பத்திரிகையில் எழுதலாம். அதையே ஒரு வியாபாரியின் வீட்டு வாசலில் திரண்டு கொதித்து நிற்கும் கூட்டத்திடம் சொன்னால் தண்டிக்கலாம் என்பது அவர் தந்த உதாரணம். சொல் ஒன்றே. அது சொல்லப்படும் இடம், பேச்சை வன்முறைக்கான தூண்டுதலாக்கிவிடுகிறது.

முதல் பெரிய மறுப்பு ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபனிடமிருந்து வந்தது. வைஸ்ராய் கவுன்சிலில் சட்ட உறுப்பினராக இருந்து, 1872-ஆம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்தை வரைந்தவர் அவர். நாடு திரும்பிய மறு ஆண்டே மில்லைத் தாக்கி ஒரு நூல் வெளியிட்டார். தன்னை மட்டும் பாதிக்கும் செயல் என்று ஒன்றைத் தனியே பிரிக்க முடியுமா என்பது அவரது கேள்விகளில் ஒன்று. குடிப்பவன் கெடுப்பது தன் உடம்பை மட்டுமா, குடும்பத்தையும் அல்லவா?

கேள்வி நியாயமானது. ஆனால் மில்லின் நூலிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. குடித்ததற்காக மட்டும் யாரையும் தண்டிக்கக் கூடாது. பணி நேரத்தில் குடித்திருக்கும் சிப்பாயையும் போலீஸ்காரரையும் தண்டிக்கலாம் என்கிறார் மில். அங்கே குற்றம் கடமை தவறியது. எல்லைக்கோடு சில இடங்களில் மங்கலாக இருக்கிறது என்பதற்காகக் கோடே வேண்டாம் என்றால், மனிதர் செய்யும் எதிலும் சட்டம் நுழையலாம் என்றாகிவிடும்.

1959-இல் இங்கிலாந்து நீதிபதி டெவ்லின் பிரபு வேறு வழியில் வந்தார். பொது ஒழுக்கமே சமூகத்தைப் பிணைத்து வைக்கிறது, அதைக் காப்பதும் சட்டத்தின் வேலை என்றார். ஒழுக்கம் மாறுவதும் சமூகம் அழிவதும் ஒன்றல்ல என்று சட்ட அறிஞர் ஹார்ட் பதிலளித்தார். வயது வந்த ஆண்கள் சம்மதத்துடன் தனிமையில் கொள்ளும் உறவு 1967-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குற்றமல்ல என்றானது, சமூகம் சிதறிவிடவில்லை. இந்தியாவில் அத்தகைய உறவைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவை 2018-இல் உச்ச நீதிமன்றம் சுருக்கியபோது, தலைமை நீதிபதி தீபக் மிஸ்ராவின் தீர்ப்பு தொடக்கத்திலேயே மில்லை மேற்கோள் காட்டியது.

இன்னொரு விமர்சனமும் உண்டு. மனிதர் குடும்பம், மொழி, மரபு ஆகியவற்றால் உருவாகிறவர். எதனோடும் ஒட்டாத தனிமனிதன் வெறும் கற்பனை என்கிறார்கள் மைக்கேல் சாண்டல் போன்ற தத்துவ அறிஞர்கள். தத்துவ அறிஞர் காண்ட்டின் வழிவந்த ராவ்ல்ஸைக் குறிவைத்த இந்த வாதம் மில்லை அவ்வளவாகத் தொடவில்லை. மரபை விட்டு ஓடு என்று அவர் சொல்லவில்லை. தலைமுறைகளின் அனுபவத்தைக் கற்றுக்கொண்டு, தனக்குப் பொருந்துவது எது என்று தானே எடை போடச் சொன்னார். தொழிலாளர் கூட்டுறவுகளையும் ஆதரித்தார்.

மில்லை ஆதரிப்பவர்கள் பதில் சொல்லத் திணறும் இடம் ஒன்று உண்டு. இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராமல் லண்டனில் இருந்தபடி கிழக்கிந்தியக் கம்பெனியில் 1823 முதல் 1858 வரை வேலை பார்த்தவர் அவர். தன் கொள்கை ‘நாகரிகம் அடையாத’ சமூகங்களுக்குப் பொருந்தாது, அவற்றை மேம்படுத்தும் நோக்கம் இருந்தால் சர்வாதிகாரமும் ஏற்கத்தக்கதே என்று அதே நூலில் எழுதினார். இந்த விதிவிலக்கைக் காப்பாற்ற முடியாது. ஒருவரது நன்மை எது என்று இன்னொருவர் தீர்மானிப்பதற்கு எதிராக அவர் அடுக்கிய வாதங்கள் அத்தனையும் அதற்கு எதிராகவே நிற்கின்றன.