லிகெட்டியின் ஐங்குழல் இசை

மேனாட்டுச் சங்கீதத்தில் நான்கு தந்தி வாத்தியங்கள் சேர்ந்தொலித்தால் அவற்றின் நாதங்கள் ஒன்றிலொன்று கரைந்துவிடுகின்றன. புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், ஹார்ன், பஸூன் ஆகிய ஐந்து காற்று வாத்தியங்கள் கூடிய ஐங்குழலுக்கோ அந்த ஐக்கியம் எளிதில் வாய்ப்பதில்லை. புல்லாங்குழலில் துளையின் விளிம்பில் மோதும் காற்றும், ஓபோவிலும் பஸூனிலும் நாதசுவரச் சீவாளியைப் போன்ற இரட்டை நாணல் தகடுகளும், கிளாரினெட்டில் ஒற்றைத் தகடும், ஹார்னில் வாசிப்பவரின் உதடுகளுமே அதிர்வதால், ஒவ்வொன்றின் குரலும் பிறவியிலேயே வேறாகிறது.

இந்தப் பேதத்தையே மூலதனமாகக் கொண்டவர் ஹங்கேரிய இசையாசிரியர் ஜியோர்ஜி லிகெட்டி (1923–2006). 1951 முதல் 1953 வரை பியானோவுக்கென்று அவர் இயற்றிய பதினோரு உருப்படிகளில், முதலாவது ஏறக்குறைய முழுவதும் ஒரே சுரத்தில் நின்று, முடிவில் மட்டும் இரண்டாவதைச் சேர்த்துக்கொள்ள, அடுத்தடுத்தவை ஒவ்வொரு சுரமாகக் கூட்டிக்கொண்டு இறுதியில் பன்னிரண்டையும் எட்டுகின்றன. இவற்றுள் ஆறைத் தெரிந்தெடுத்து 1953-இல் ஐங்குழலுக்கு மாற்றி எழுதியதே ‘ஆறு பகடெல்கள்’, அதாவது ஆறு சிற்றுருப்படிகள்.

முதல் பகடெலுக்குச் சுரங்கள் நான்கே: நம் வழக்கில் சொன்னால் ஷட்ஜம், பஞ்சமம், காந்தாரங்கள் இரண்டும். இத்தனை சொற்பமான பொருளைக் கொண்டு அவர் நிகழ்த்தும் விநோதம் வியக்கத்தக்கது. சுரம் மாறாவிடினும் வாத்தியம் மாறுவதால், நாதத்தின் வர்ணமே சங்கதியாகிவிடுகிறது. நான்காவது ஏழு அட்சரக் கணக்கில் துள்ளுகிறது. ஐந்தாவது, 1945-இல் மறைந்த ஹங்கேரிய இசையாசிரியர் பார்ட்டோக்கின் நினைவுக்கு அர்ப்பணிக்கப்பட்ட சோககீதம்.

ஆறாவதுதான் ஹங்கேரிய அதிகாரிகளை அச்சுறுத்தியது. அரைச்சுர இடைவெளிகள் அதில் மிகுதியாக மோதுவதாகக் கருதி, 1956-இல் புடாபெஸ்டில் ஐந்து பகடெல்களை மட்டுமே வாசிக்க அனுமதித்தார்கள். விநாடிக்கு 440 அதிர்வுள்ள சுரமும் அதற்கு அடுத்த, ஏறக்குறைய 466 அதிர்வுள்ள சுரமும் கூடினால், ஒலியின் வலிமை விநாடிக்கு 26 முறை ஏறியிறங்கி, செவிக்குக் கரகரப்பாகப் படுகிறது. பௌதிக நியதியால் விளையும் இந்தச் சிறு உராய்வைக்கூட ஓர் அரசு சகிக்கவில்லை!

அவ்வாண்டின் ஹங்கேரியப் புரட்சி நசுக்கப்பட்டபின், டிசம்பரில் லிகெட்டி ஆஸ்திரியாவுக்குத் தப்பிச் சென்றார். ஆறு பகடெல்களும் முழுமையாக முதன்முறை ஒலித்தது 1969-இல், ஸ்வீடனின் ஸோடர்டால்யே நகரில். ஆறாவதை மட்டும் தனியே தேடிக் கேட்பதைக் காட்டிலும், அந்த நான்கு சுரங்களில் தொடங்கி வரிசைப்படியே கேட்பதுதான் உத்தமம். முழுவதற்கும் ஏறக்குறையப் பன்னிரண்டு நிமிஷமே ஆகும்.