காலவரம்பும் நீதியும்

திருவள்ளுவர் 'காலமறிதல்' என ஓரதிகாரம் வகுத்து, வெல்லக் கருதும் வேந்தர்க்குக் காலத்தின் சிறப்பை உணர்த்தினார். மறியற்சாலையில் இருப்பவனுக்கோ, தன் முறையீடு செவிமடுக்கப்படுவதற்கே காலமறிதல் இன்றியமையாததாகும். ஐக்கிய அமெரிக்க நாட்டுச் சட்டம் இதற்குத் தக்க சான்றாகும்.

அந்நாட்டில் மாநில நீதிமன்றமொன்றாற் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டவன், மாநில மேன்முறையீடுகள் முடிந்தபின், தன்னைச் சிறைவைத்தமை அரசியலமைப்புக்கு முரணானதெனக் கூறிக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு எழுத்தாணை வேண்டலாம். இதற்கு முன்னர்த் திட்டமான காலவரம்பு இருந்ததில்லை. 1996ஆம் ஆண்டுச் சட்டம் ஓராண்டு வரம்பை விதித்தது. பொதுவாகத் தீர்ப்பு இறுதியாகும் நாளிலிருந்து அவ்வாண்டு எண்ணப்படும். மாநில நீதிமன்றத்தில் முறைப்படி தாக்கல் செய்த மறு ஆய்வு விண்ணப்பம் நிலுவையிலிருக்கும் நாட்கள் அதிற் சேரா.

இவ்வரம்பு காரணமற்றதன்று. ஆண்டுகள் செல்லச் சாட்சிகள் இறப்பர், நினைவு மங்கும், ஆவணங்கள் அழியும். முடிவில்லா வழக்கு, குற்றத்தால் இழப்புற்ற குடும்பத்தார்க்கும் துன்பமே. ஆயின் தாமதம் பிறர் பிழையால் நேர்ந்தால் என் செய்வது?

'பௌல்ஸ் எதிர் ரசல்' என்னும் வழக்கு 2007இல் முடிவுற்றது. ஒகாயோ மாநிலக் கைதி ஒருவரின் எழுத்தாணை விண்ணப்பம் மறுக்கப்பட்டது. மேன்முறையீட்டுக்கான காலமும் கடந்தபின், அதனை மீளத் திறந்த நீதிபதி, சட்டம் அனுமதித்த 14 நாட்களுக்குப் பதிலாக 17 நாட்கள் வழங்கிவிட்டார். கைதி 16ஆம் நாள் தாக்கல் செய்தார். நீதிபதியின் சொல்லை நம்பியவரின் மேன்முறையீட்டை உயர் நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையால் நிராகரித்தது. அக்காலவரம்பு நீதிமன்றத்தின் நியாயாதிக்கத்தையே வரையறுப்பது. ஆதலின் விலக்களிக்க இயலாது என்பதே காரணம்.

1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஓராண்டு வரம்போ அத்தகையதன்று. 'ஹொலண்ட் எதிர் புளோரிடா' வழக்கில், மரணதண்டனைக் கைதி ஒருவர் விண்ணப்பத்தை உரிய காலத்திற் தாக்கல் செய்யுமாறு தம் சட்டத்தரணிக்குப் பன்முறை எழுதியும் பயனில்லை. காலம் கடந்ததை அறிந்தவுடன் தாமே விண்ணப்பம் எழுதி அனுப்பினார். முயற்சி குன்றாதவனை அசாதாரணத் தடையொன்று மறித்திருப்பின் வரம்பைத் தளர்த்தலாமென 2010இல் அம்மன்றம் தீர்மானித்தது. சட்டத்தரணி நாட்களைத் தவறாகக் கணக்கிட்டமை மாத்திரம் அத்தகைய தடையாகாது. குற்றமின்மையை வலுவாகக் காட்டும் புதுச் சான்று இருப்பின், காலம் கடந்தும் வாயில் திறக்கலாமென 2013இற் கூறிற்று.

எனவே, காலம் கடந்ததா என்ற வினா மட்டும் போதாது. அவ்வரம்பு எத்தகையது, தாமதம் எவரால் நேர்ந்தது, கைதி என்ன முயன்றான் என்பனவும் ஆராயப்படல் வேண்டும். காலம் கடந்த விண்ணப்பம் பொய்யான விண்ணப்பமன்று. அது கேட்கப்படாத விண்ணப்பமேயாம். சட்டம் பயில்வோர் இவ்வேறுபாட்டை மறவாதிருப்பாராக.