வரைபுத்தாளில் வளர்ந்த விளையாட்டு

வீடு கட்டப் புகுவோன் முதலில் நிலத்திலே கயிறு பிடித்துப் பார்க்கின்றான். திரையில் ஓடியாடும் வீடியோ விளையாட்டுக்கும் அத்தகைய ஆயத்தம் உண்டு. யப்பானின் நின்ரெண்டோ நிறுவனம் 1985 செப்டெம்பர் 13 ஆம் நாள் வெளியிட்ட 'சுப்பர் மாரியோ பிறதர்ஸ்' அதற்குத் தக்க உதாரணமாகும்.

அவ்விளையாட்டை வகுத்தோருள் முதன்மையானவர்கள் சிகெரு மியமோட்டோ, தக்காசி தெசுக்கா ஆகிய இருவர். கணினிக்குரிய செய்நிரலை எழுதியோர் தொசிகிக்கோ நக்காகோவைச் சார்ந்த குழுவினர். கற்பனை செய்தவரையும் கணக்கிட்டவரையும் இணைத்தது வரைபுத்தாளே. பாடசாலை மாணவன் கோடு கீறும் அதே கட்டத்தாளில், செங்கல் எங்கே, குழாய் எங்கே, பள்ளம் எங்கே என்று கையால் வரைந்து கொடுத்தனர். அவற்றை நக்காகோவின் குழுவினர் எண்களாக மாற்றிக் கணினிக்கு ஊட்டினர். திருத்தம் வேண்டின், மேலே மெல்லிய தாளை விரித்து மாற்றத்தை மட்டும் வரைந்தனர்.

முதலில் எழுதிய திட்டம் அப்படியே நிலைத்ததா? இல்லை. தொடக்கக் குறிப்புகளின்படி, பாய்வதற்கு மேல்நோக்கிய விசையையும், சுடுவதற்குப் பொத்தானையும் அழுத்தவேண்டும்; மாரியோ வானிலே பறந்து சுடும் பகுதியும் இருந்தது. பின்னர் பாய்ச்சலே பொத்தானுக்கு உரியதாயிற்று, வான்போர் கைவிடப்பட்டது. முகில்மேல் நாணயம் பொறுக்கும் பகுதி அதன் எச்சமாகும்.

இடநெருக்கடியும் சிறிதன்று. செய்நிரல், படம், இசை யாவும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கவேண்டியிருந்தன. ஆகவே வானத்து வெண்முகிலுக்கும் தரையிலுள்ள பச்சைப் புதருக்கும் உருவம் ஒன்றே. நிறம் மட்டுமே வேறு. பலர் ஆண்டுக்கணக்கில் ஆடியும் இதனைக் கவனித்திலர்!

முதற் கட்டத்தின் அமைப்போ மிக நுட்பமானது. எதிரே வரும் முதற் பகை காளானை ஒத்தது. சற்றுப் பின், தலையால் முட்டிய பெட்டியிலிருந்து உண்மைக் காளான் வெளிப்பட்டு வலப்புறம் நகர்கின்றது. குழாயில் மோதித் திரும்பி வருகின்றது. புதியவன் அஞ்சிப் பாய்கின்றான். மேலுள்ள செங்கலில் தலை இடிபட்டுக் கீழே விழ, காளான் அவனைத் தொடுகின்றது. மாண்டோம் என நினைத்தவன் பெரிதாக வளர்ந்து நிற்கின்றான். அறிவுறுத்தற் சொல் ஒன்றேனும் திரையில் தோன்றாமலே, நல்லது எது என்பதைக் கற்றுவிடுகின்றான்.

ஆயினும் இம்முதற் கட்டம் முதலில் வரையப்பட்டதன்று. பிந்திய கட்டங்கள் பல உருவாகி, மாரியோவின் ஓட்டமும் பாய்ச்சலும் இன்னபடி என்று ஆக்கியோருக்கே தெளிவான பின்னர்தான் அதற்குரிய தாளை எடுத்தனர்.