குழந்தை இன்குபேட்டரில் இருக்கும்போது தாய்ப்பால்: எப்போது, எப்படி?

“பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கு. நீ இப்போ ரெஸ்ட் எடும்மா. பால் குடுக்குறதெல்லாம் வெளிய வந்தப்புறம் பாத்துக்கலாம்.” குறைமாதப் பிரசவம் நடந்த வீட்டில் முதல் நாள் பெரும்பாலும் இந்தப் பேச்சுத்தான். ஆபரேஷன் தையலோடு படுத்திருக்கும் பெண்ணிடம் அம்மாவோ மாமியாரோ அக்கறையில்தான் இதைச் சொல்கிறார். ஆனால் அந்த முதல் நாட்களைத் தவறவிட்டால், பிள்ளை வெளியே வரும் நேரத்தில் தாய்க்குப் பால் வற்றிப்போயிருக்கக்கூடும். குழந்தை மார்பில் வாய்வைக்கப் பல வாரங்கள் ஆகலாம். தாயின் வேலையோ பிரசவமான சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடுகிறது.

37 வாரம் நிறைவதற்குள் பிறந்தால் குறைமாதக் குழந்தை. 2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் அப்படிப் பிறந்தவை ஏறக்குறைய 1 கோடியே 34 லட்சம். அவற்றில் சுமார் 30 லட்சம் இந்தியாவில் பிறந்தவை. “ஏழாம் மாசத்துப் பிள்ளை தங்கும், எட்டாம் மாசத்துப் பிள்ளை தங்காது” என்று நம் ஊர்களில் இன்னமும் சொல்கிறார்கள். அதில் உண்மையில்லை. வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு லாபம்தான். எட்டாம் மாதம் என்று கேட்டதுமே நம்பிக்கை இழந்து நிற்கும் குடும்பங்களுக்கு இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

பால் குடிப்பதிலும் இந்த வாரக் கணக்கு முக்கியம். சப்புவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றையும் குழந்தை ஒன்று மாற்றி ஒன்றாகச் செய்ய வேண்டும். சப்பும் அசைவு 28 வார வாக்கிலேயே தெரியும். மூன்றும் ஒத்துப்போகும் பக்குவம் 32 வாரத்துக்குப் பிறகு மெல்ல வந்து, 34 வார வாக்கில்தான் ஓரளவு நிலைக்கும். அதற்கு முன் வாயில் பாலை ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். அதனால்தான் குழாய்.

ஒல்லியான குழாய் ஒன்றை வாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ இரைப்பைவரை செலுத்தியிருப்பார்கள். அதன் மேல்முனையில் ஊசியில்லாத சிரிஞ்சைப் பொருத்தி, அதில் பாலை ஊற்றி, நர்ஸ் கையை உயர்த்திப் பிடித்துக்கொள்வார். சிரிஞ்சை அழுத்துவதில்லை, பால் தானாக இறங்கும். ஒரு கிலோ எடையுள்ள பிள்ளைக்கு முதல் நாளில் மொத்தமே 10 முதல் 20 மில்லிதான் கொடுப்பார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால், ஒரு வேளைக்கு இரண்டு மில்லிக்கும் உள்ளே. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 150 மில்லிக்கு மேல் கொண்டுபோவார்கள்.

இந்தக் கணக்கைத் தாய்மார்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் கால் மணி நேரம் பீச்சியும் டம்ளரின் அடியில் மஞ்சளாகச் சில சொட்டுகள் மட்டுமே ஒட்டியிருக்கும். “இவ்வளவுதான் வருது, இதைக் கொண்டுபோய் எப்படிக் குடுக்குறது” என்று கூச்சப்பட்டு அதைக் கழுவி ஊற்றிவிடுகிறவர்கள் உண்டு. அந்தச் சொட்டுகள்தான் சீம்பால். அந்தப் பிள்ளையின் ஒரு வேளைச் சாப்பாடே அவ்வளவுதான். இன்னும் குழாயில்கூடப் பால் கொடுக்க முடியாத குழந்தைக்கும், பல மருத்துவமனைகளில் இரண்டு கன்னங்களின் உட்புறத்திலும் ஒவ்வொரு சொட்டுச் சீம்பாலைத் தடவுகிறார்கள்.

ஏன் இத்தனை பிரயாசை? பவுடர் பாலைக் கரைத்துக் கொடுத்தால் போதாதா? குறைமாதக் குழந்தையின் குடல் பக்குவப்படாதது. அதைத் தாக்கும் நோய்களில் கொடியது, குடல் சுவரே அழுகத் தொடங்கும் ‘நெக்ரோடைசிங் என்டெரோகோலைட்டிஸ்’. வயிறு உப்பும், பால் செரிக்காது, மலத்தில் ரத்தம் வரும். சில குழந்தைகளுக்குக் குடலின் ஒரு பகுதியையே வெட்டி எடுக்க நேரிடும், உயிரும் போகலாம். 1990இல் பிரிட்டனில் 926 குறைமாதக் குழந்தைகளைப் பார்த்து ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வு, தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிட பவுடர் பால் மட்டும் குடித்தவர்களுக்கு இந்த நோய் 6 முதல் 10 மடங்கு அதிகமாக வந்ததைக் காட்டியது. குறைமாதத்தில் பெற்ற தாயின் பாலில் முதல் சில வாரங்களுக்குப் புரதமும் நோய் எதிர்ப்புப் பொருட்களும் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கின்றன. அந்த வார்டில் வேறெந்த மருந்துக்கும் இந்தக் குணம் இல்லை.

பீச்சும் முறை

பிறந்த முதல் ஒரு மணி நேரத்தில் தொடங்கினால் மிக நல்லது. எப்படியும் ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். அதன்பின் ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்து முறை. இரவில் ஒருமுறையாவது எழுந்தாக வேண்டும், பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் இரவில்தான் அதிகம் ஊறுகிறது. மார்பு காலியாகக் காலியாகத்தான் அடுத்த பால் ஊறும். கட்டிக்கொள்ளும்வரை விட்டுவைத்தால், பால் தேவையில்லை என்று உடம்பு எடுத்துக்கொண்டு சுரப்பைக் குறைத்துவிடும்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கொதிக்கவைத்து ஆறிய எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். மார்பை மெதுவாக நீவிவிட்டு, காம்பிலிருந்து ஏறக்குறைய ஓர் அங்குலம் தள்ளி, மேலே கட்டைவிரலும் கீழே ஆள்காட்டி விரலுமாக வைத்து, முதலில் நெஞ்சுக்கூட்டுப் பக்கம் உள்நோக்கி அழுத்தி, பிறகு இரு விரல்களையும் ஒன்றுசேர்த்துப் பிழிய வேண்டும். காம்பைப் பிடித்து இழுத்தால் வலிதான் மிஞ்சும், பால் வராது. விரல்களை இடம் மாற்றிச் சுற்றிலும் இப்படியே செய்ய வேண்டும். முதல் ஓரிரு நிமிடங்களுக்கு ஒன்றும் வராமல் இருப்பது சகஜம். பம்ப் வாங்க முடிந்தவர்கள் வாங்கலாம். ஆனால் முதல் இரண்டு மூன்று நாட்களில் வரும் கெட்டியான சீம்பாலுக்குக் கையைப் போலப் பம்ப் உதவாது.

பீச்சிய பாத்திரத்தில் தாயின் பெயர், தேதி, நேரம் எழுதி ஒட்ட வேண்டும். அறையில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது; சித்திரை, வைகாசி வெயிலில் உடனே ஃபிரிட்ஜில் வைத்துவிடுவதே நல்லது. வீட்டிலிருந்து கொண்டுபோகிறவர்கள் ஐஸ் பெட்டியில் எடுத்துப்போக வேண்டும். ஃபிரிட்ஜில் எத்தனை மணி நேரம் வைத்த பாலை எடுத்துக்கொள்வார்கள் என்பதற்கு ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு விதி உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். சூடாக்குவதென்றால் வெந்நீர்க் கிண்ணத்துக்குள் வைத்து. அடுப்பிலோ மைக்ரோவேவிலோ வேண்டாம்.

‘பால் இல்லை’ என்று சொல்லும் குறைமாதத் தாய்களில் பலருக்கு உண்மையில் நடந்திருப்பது, முதல் நான்கைந்து நாட்கள் யாரும் அவர்களைப் பீச்சச் சொல்லாமல் விட்டதுதான். பால்சுறாப் புட்டும் பூண்டுக் குழம்பும் கொடுக்கட்டும், சத்தான சாப்பாடு தாய்க்கு வேண்டும்தான். ஆனால் சுறாவால் மட்டும் பால் வந்துவிடாது. பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடிக்கக் கூடாது என்று தடுப்பதால் தீங்குதான்; தாகத்துக்குக் குடிக்கட்டும். இன்னொன்று, பயத்திலும் அழுகையிலும் பால் இறங்கத் தயங்கும். பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, அதைப் பார்த்துக்கொண்டே பீச்சினால் கூடுதலாக வரும். “நான் என்ன பாவம் பண்ணேன், மாசம் நிறையலையே” என்று தன்னையே நொந்துகொண்டிருக்கும் பெண்ணுக்கு, பிள்ளைக்காகத் தன்னால் மட்டுமே செய்ய முடிந்த ஒரு காரியம் கைக்கு வருகிறது என்பதும் சிறிய விஷயமில்லை.

நெஞ்சோடு நெஞ்சாக

1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர்கள் போதாமல் திண்டாடிய ஒரு மருத்துவமனையில், எட்கார் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் வெற்று மார்பில் கட்டிவைக்கச் சொன்னார். அதுதான் கங்காரு பராமரிப்பு. குழந்தையின் உடல்நிலை தேறிய பிறகே இதைத் தொடங்க வேண்டும் என்பது நெடுங்காலம் விதியாக இருந்தது. அந்த விதியை மாற்றிய ஆய்வு 2021இல் வெளியானது. டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை உட்பட இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் இருந்த 3,211 குழந்தைகளிடம் அது நடந்தது. பிறந்த உடனேயே கங்காரு பராமரிப்பு பெற்றவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 12 சதவீதம். தேறிய பிறகு பெற்றவர்களில் 15.7 சதவீதம். பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். 2022 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம், பிறந்தவுடனேயே தொடங்கி ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம்வரை கங்காரு பராமரிப்பு கொடுக்கப் பரிந்துரைத்தது.

பாலுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. மேல்சட்டை இல்லாமல் டயபர், தொப்பி, சாக்ஸ் மட்டும் போட்ட பிள்ளை தாயின் நெஞ்சில் தவளைபோல் ஒட்டிக்கொண்டு கிடக்கும்போது, மார்பை முகரும், நக்கும், வாயைத் திறந்து திறந்து மூடும். தாய்க்குப் பால் ஊறும். தாய் சோர்ந்தால் அப்பா, பாட்டி, அத்தை யார் வேண்டுமானாலும் சட்டையைக் கழற்றி வாங்கிக்கொள்ளலாம்.

குழாயிலிருந்து மார்புக்குப் போவது ஒரே நாளில் நடக்காது. முதலில், பாலைப் பீச்சிக் காலியாக்கிய மார்பில் குழந்தையைச் சும்மா சப்பவிடுவார்கள்; அதே நேரம் குழாயில் பால் போய்க்கொண்டிருக்கும். வயிறு நிறைவதும் சப்புவதும் பிள்ளைக்கு ஒன்றாகப் பழகும். பிறகு பாலாடை. நம் பாட்டிமார்கள் சங்கும் பாலாடையும் வைத்துப் புகட்டியதைப் பார்த்திருப்போம். அந்தப் பாலாடைதான் இன்று இந்திய மருத்துவமனைகளில் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளின் அன்றாடக் கருவி. பிள்ளையை மடியில் நிமிர்த்தி வைத்து, பாலாடை மூக்கை உதட்டோரம் வைத்து, சொட்டுச் சொட்டாக விட வேண்டும். விழுங்கியது தெரிந்த பிறகே அடுத்தது. மல்லாக்கப் படுக்கவைத்து மடமடவென்று ஊற்றும் பழக்கம் இங்கே ஆபத்து.

மார்பில் கொடுக்கும்போது, வலது மார்பென்றால் இடது கையால் பிள்ளையின் கழுத்தையும் தோள்களையும் தாங்க வேண்டும். பின்மண்டையைப் பிடித்து அழுத்தினால் பிள்ளை மிரண்டு தலையைப் பின்னுக்குத் தள்ளும். நாலு வாய் சப்பிவிட்டுத் தூங்கிப்போவதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம், இந்த வயதில் அதுவே பெரிய உழைப்பு. நிறம் நீலமானாலோ மூச்சு தடைபட்டாலோ உடனே நிறுத்தி நர்ஸைக் கூப்பிட வேண்டும். மீதியைக் குழாயிலோ பாலாடையிலோ கொடுப்பார்கள்.

எடை மிகக் குறைந்த பிள்ளைகளுக்குத் தாய்ப்பாலோடு ஒரு பாக்கெட் பவுடரைக் கலப்பதைப் பார்த்து, “என் பால்ல சத்து இல்லையா சிஸ்டர்?” என்று தாய் கலங்குவது உண்டு. குழந்தைக்கு வேண்டிய கால்சியமும் பாஸ்பரஸும் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில்தான் வயிற்றுக்குள் போய்ச் சேரும். அந்த மாதங்களை இழந்த பிள்ளைக்கு அந்தக் குறையை ஈடுகட்டவே இந்தக் கூட்டுப்பொடி. டின் பால் வேறு, இது வேறு.

தாயால் முடியாதபோது

தாய் ஐசியுவில் இருக்கிறார், அல்லது பால் கொடுக்கக் கூடாத மருந்தில் இருக்கிறார் என்றால், அடுத்த வழி தாய்ப்பால் வங்கி. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கினார். தமிழ்நாட்டில் சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை, மதுரை, திருச்சி, கோவை உள்ளிட்ட ஊர்களின் அரசு மருத்துவமனைகளில் இத்தகைய வங்கிகள் உள்ளன. தானம் தரும் தாயின் ரத்தத்தைப் பரிசோதித்து, பாலை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கி, கிருமி இல்லை என்று உறுதி செய்த பிறகே கொடுப்பார்கள். அந்தச் சூட்டில் கொஞ்சம் எதிர்ப்புச் சக்தி குறையத்தான் செய்யும்; ஆகவே சொந்தத் தாயின் பாலுக்கு இது இரண்டாம் இடம்தான். பக்கத்துக் கட்டில்காரர் பாலைப் பரிசோதிக்காமல் வாங்கிப் புகட்டுவதும், காசுக்கு வாங்குவதும் கூடவே கூடாது. தாய்ப்பாலை விற்கச் சட்டத்தில் இடமில்லை என்று இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2024 மே மாதம் திட்டவட்டமாக அறிவித்தது. வங்கிப் பாலும் கிடைக்காமல் மருத்துவரே பவுடர் பால் கொடுக்கச் சொன்னால், கொடுங்கள். அந்தத் தாயைக் குற்றவாளிபோல் பார்க்க யாருக்கும் உரிமையில்லை.

வீட்டுக்கு வந்ததும் சேனை தொட்டு வைப்பது, தேன், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப் பால், உரை மருந்து என்று ஒரு வரிசை காத்திருக்கும். எதுவும் வேண்டாம். தாய்ப்பாலும், டாக்டர் எழுதிக் கொடுத்த இரும்புச்சத்து, வைட்டமின் சொட்டு மருந்துகளும் மட்டும் போதும்.

இத்தனைக்கும் நடுவே தாய்மார்கள் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்றுதான்: என்ஐசியு எனப்படும் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு. மாலை நேரத்தில் பத்து நிமிடம் பார்க்கவிடும் மருத்துவமனைகள் இன்றும் உண்டு. பெற்றோரைப் பராமரிப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று மத்திய அரசே 2017இல் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. நிர்வாகங்கள் செய்ய வேண்டியது பெரிய செலவில்லை: பிள்ளைக்குச் சூடு தரும் வார்மருக்குப் பக்கத்தில் சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி, ஒரு மறைப்புத் திரை, இரவிலும் தாயை உள்ளே விடும் அனுமதி, டிஸ்சார்ஜ் ஆன தாய் தங்க ஒரு கட்டில், மூன்று வேளைச் சாப்பாடு. குடும்பத்தார் அந்தக் கதவருகே நின்று “பிள்ளை எப்படி இருக்கு?” என்று கேட்ட கையோடு, “பால் எங்கே உட்கார்ந்து பீச்சலாம், இவள் எத்தனை மணிக்கு உள்ளே வரலாம்?” என்றும் கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை கேளுங்கள்.