மாதவிடாய் வலிக்குச் சாமைச் சோறு உதவுமா?

சங்கராபுரத்துக்கு மேற்கே கல்வராயன் மலையில் சாமை விளைகிறது. மாதவிடாய் வலியைக் கடுமையாக்கும் எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்களுக்கு அது ஓரளவு துணையாகலாம்.

கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வதுதான் இந்நோய். அது சுரக்கும் புராஸ்டாகிளாண்டின் கருப்பைத் தசையை இறுக்கி வலியைக் கூட்டுகிறது. அந்தப் பொருள் உருவாவது நாம் உண்ணும் கொழுப்பிலிருந்து. மத்தி மீனின் ஒமேகா-3 கொழுப்பு தருவது வீரியம் குறைந்த வகை. 2010இல் வெளியான அமெரிக்கச் செவிலியர் ஆய்வில், ஒமேகா-3 அதிகம் உண்டோரிடம் நோய் 22 சதவீதம் குறைவு. டிரான்ஸ் கொழுப்பு அதிகம் உண்டோரிடம் 48 சதவீதம் கூடுதல். வனஸ்பதிப் பலகாரத்தைக் குறைக்க எனக்கு இதுவே போதும்.

சாமை எங்கே வருகிறது? நோயைத் தூண்டும் ஈஸ்ட்ரோஜனைக் கல்லீரல் பித்தத்தோடு குடலுக்கு அனுப்பும். அது மறுபடி ரத்தத்தில் கலப்பதைச் சாமையிலுள்ள நார்ச்சத்து குறைக்கக்கூடும்.

உணவு சிகிச்சைக்கு மாற்றல்ல. பள்ளிக்குப் போகவிடாத வலியை, "பொறுத்துக்கோ" என்று சொல்லாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.